தானாக எங்கும் போகாத மீன்

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக்குக் கிழக்கே பங்காய் என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. பெலெங், பங்காய், லபோபோ, பங்குருங் என்று பெரிதும் சிறிதுமாகப் பல தீவுகள். உலகத்திலேயே அங்கு மட்டும் இயல்பாக வாழும் பவளப்பாறை மீன் ஒன்று உண்டு. கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அதை பங்காய் கார்டினல் என்பார்கள். விரல் நீளம்தான் இருக்கும். வெள்ளி உடம்பு, மேலிருந்து கீழாக மூன்று கறுப்புப் பட்டைகள், அதில் ஒன்று கண்ணின் குறுக்கே ஓடும். துடுப்புகள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீளமானவை. அவற்றில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். வால் கத்தரிக்கோல்போலப் பிளந்திருக்கும்.

இதே மீனை இன்று வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளி, லெம்பே நீரிணையில் பார்க்கலாம். சுலாவெசிப் பெருந்தீவின் லுவுக் துறைமுகத்தில் பார்க்கலாம். சுலாவெசியின் தென்கிழக்குப் பகுதியில் உள்ள கெந்தாரி விரிகுடாவில், அம்போன் தீவில், பாலித் தீவின் மேற்கு முனையில் உள்ள கிலிமானுக்கில் எல்லாம் இருக்கிறது. பாலு விரிகுடாவிலும் உண்டு. பாலு இருப்பது சுலாவெசியின் மறுபக்கம். பங்காயிலிருந்து அங்கே போக ஒன்று பெருந்தீவையே சுற்ற வேண்டும், இல்லையென்றால் மலைகளைத் தாண்ட வேண்டும்.

இந்த ஊர்களையெல்லாம் ஒரு தாளில் குறித்துக் கோடு போட்டுப் பாருங்கள். கடல் நீரோட்டத்தின் வரைபடம் வராது. தொட்டி மீன் வியாபாரம் போகும் பாதைதான் வரும். மீன் ஏறிய இடம், இறங்கிய இடம், வண்டி மாறிய இடம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் மீன் தண்ணீருக்குள் போயிருக்கிறது. இந்த மீனைப் பற்றி எனக்கு இருக்கும் ஆற்றாமை எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. சொந்த வீட்டில் அழிந்துகொண்டிருக்கும் ஓர் உயிர், அதை அழிக்கும் அதே வியாபாரத்தின் கையால் வேறு ஊர்களில் குடியேற்றப்பட்டிருக்கிறது. அந்தக் குடியேற்றத்தைக் காட்டி "மீன்தான் நிறைய இருக்கிறதே" என்று சொல்ல வழி பிறந்துவிட்டது.

முதலில் மீனைச் சொல்கிறேன். மீன் புரிந்தால்தான் மற்றது புரியும்.

பவளப்பாறை மீன்கள் பெரும்பாலும் முட்டையைக் கடலில் விட்டுவிடும், அல்லது பாறையில் ஒட்டிவைக்கும். பொரிந்த குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தோடு நாள்கணக்கில், வாரக்கணக்கில் மிதந்து போகும். ஆயிரத்தில் ஒன்று எங்கோ ஒரு பாறையில் கரை சேரும். ஒரு பாறையில் மீன் அற்றுப்போனால் பக்கத்துப் பாறையின் குஞ்சுகள் வந்து நிரப்பும். கடலின் இயல்பான ஏற்பாடு இது.

பங்காய் கார்டினலுக்கு இந்த ஏற்பாடே கிடையாது. பெண் மீன் இடுவது நாற்பது, ஐம்பது முட்டை, சிலநேரம் கொஞ்சம் கூட. ஒவ்வொன்றும் மீனின் அளவுக்கு மிகப் பெரிய முட்டை. அத்தனையையும் ஆண் மீன் தன் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். சுமார் இருபது நாளில் முட்டை பொரியும். பொரிந்த பிறகும் குஞ்சுகளை வெளியே விடாது. இன்னும் பத்து நாள் போல வாய்க்குள்ளேயே வைத்திருக்கும். அந்த ஒரு மாதமும் தகப்பன் மீனுக்குப் பட்டினி. நம் குளத்து ஜிலேபிக் கெண்டையும் வாயில்தான் குஞ்சு வளர்க்கும், ஆனால் அங்கே தாய். (அந்த ஜிலேபியும் 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட மீன்தான். அது தனிக் கதை.)

வேளச்சேரியில் ஒரு நண்பன் வீட்டுத் தொட்டியில்தான் இதை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். பண்ணையில் வளர்த்த ஜோடி என்று விசாரித்து வாங்கியிருந்தான். ஒருநாள் போன் பண்ணி, "மச்சான், இவன் வாய் வீங்கியிருக்குடா. சாப்பாடும் எடுக்க மாட்டேங்கிறான், நோயா இருக்குமோ?" என்றான். போய்ப் பார்த்தபோது தாடை பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் தோல் வழியாக உருண்டை உருண்டையாக முட்டைகள் தெரிந்தன. அவ்வப்போது வாயைக் கொஞ்சம் திறந்து முட்டைகளை உருட்டி மூடிக்கொள்ளும். கண்முன்னால் இரை மிதந்து போகும்போது உடம்பு ஒரு முறை முன்னால் போய், அப்படியே நின்றுவிடும். பசி இருக்கிறது, வாய் திறக்க முடியவில்லை. நானும் நண்பனும் அவன் மனைவியும் அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்து, பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் குஞ்சுகள் வெளியே வந்தபோது அவை குஞ்சு மாதிரியே இல்லை. பட்டை, நீண்ட துடுப்பு எல்லாம் வைத்துச் சின்ன அளவில் அச்சு அசல் பெரிய மீன்.

கடலில் இந்தக் குஞ்சுகளுக்கு மிதந்து திரியும் பருவமே இல்லை என்பதுதான் விஷயம். தகப்பன் வாயிலிருந்து வெளியே வந்ததும் பக்கத்தில் இருக்கும் கடல் முள்ளெலி (sea urchin) என்ற முள் உருண்டை உயிரின் நீண்ட கறுப்பு முட்களுக்கு நடுவிலோ, கடல் சாமந்தியின் (sea anemone) கைகளுக்குள்ளோ, கிளைவிட்ட பவளத்துக்குள்ளோ புகுந்துகொள்ளும். தாமதித்தால் பெரிய மீன்கள் தின்றுவிடும், சொந்த இனத்தின் பெரிய மீன்களும் சேர்த்து. வளர்ந்த பிறகும் அந்த முள்ளெலிக் கூட்டத்தை விட்டு அதிகம் நகராது. வாழ்வது அமைதியான விரிகுடாக்களில், கடற்புல் படுகையும் பவளமும் கலந்த இடங்களில், பெரும்பாலும் ஓர் ஆள் ஆழத்துக்குச் சற்றுக் கூடக் குறைய. தீவுக்கும் தீவுக்கும் நடுவே உள்ள ஆழக் கால்வாய் இதற்கு ஏறிக் கடக்க முடியாத சுவர்.

இதன் விளைவு வியப்பானது. மரபணுவை எடுத்துப் பார்த்தால் தீவுக்குத் தீவு மீன் வேறுபடுகிறது. அதுகூடப் போகட்டும். ஒரே தீவில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பாறைகளின் மீன்களே தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிந்து நிற்கின்றன. 2000களின் நடுவில் வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. கடல் மீன்களில் இவ்வளவு குறுகிய தூரத்தில் இப்படிப் பிரிந்திருப்பது மிக அரிது. அதாவது 'பங்காய் கார்டினல்' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது, ஒன்றோடொன்று உறவாடாமல் நெடுங்காலம் தனித்து வாழ்ந்த எத்தனையோ சின்னச் சின்ன ஊர்களின் தொகுப்பு. ஓர் ஊர் காலியானால் பக்கத்து ஊரிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

இன்னொன்று. இந்த மீனோடு ஒரே பேரினத்தில் வைத்துப் பேசப்பட்ட மற்றொரு மீன் வாழ்வது ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில். பங்காய்த் தீவுகளும் பக்கத்துச் சூலா தீவுகளும் உட்கார்ந்திருக்கும் நிலத்துண்டோ, நியூகினி, ஆஸ்திரேலியா பக்கத்திலிருந்து பிரிந்து நகர்ந்து வந்து சுலாவெசியோடு மோதியது என்கிறார்கள் நிலவியலாளர்கள். மீன் தானாக எங்கும் போவதில்லை. நிலம் அதைச் சுமந்து வந்திருக்குமோ என்று நினைத்துப் பார்க்கையில் எனக்குச் சிலிர்க்கிறது. இதை நிரூபிக்கப்பட்ட உண்மையாகச் சொல்லவில்லை, நினைப்பாகத்தான் சொல்கிறேன்.

சரி, மனிதர்கள் கதைக்கு வருவோம். 1920 வாக்கில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் வால்டர் கௌடேர்ன் சுலாவெசிப் பயணத்தில் இந்த மீனைச் சேகரித்தார். 1933இல் டச்சு மீனியலாளர் கௌமன்ஸ் அதை விவரித்து, கௌடேர்னின் பெயரையே சூட்டினார். அதற்கப்புறம் அறுபது ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1994இல் மீனியலாளர் ஜெரால்ட் ஆலனும் நீருக்கடியில் படம் எடுக்கும் ரோஜர் ஸ்டீனும் பங்காய்க்குப் போய்ப் பார்த்து, அடுத்த ஆண்டு எழுதினார்கள். அழகான மீன், ஆழமில்லாத தண்ணீர், இடத்தைவிட்டு ஓடாத குணம். முள்ளெலிக் கூட்டத்தை வலையால் வளைத்தால் மொத்தக் கூட்டமும் கிடைத்துவிடும். வியாபாரத்துக்கு இதைவிட வசதியான மீன் இருக்க முடியாது.

சில ஆண்டுகளில் உலகமெங்கும் கடல்மீன் தொட்டிகளில் இது வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி மாதத்துக்கு 50,000 முதல் 60,000 மீன் வரை பிடிக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் அலெஹாந்த்ரோ வஜெல்லியும் மார்க் எர்ட்மனும் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஆறு, ஏழு லட்சம். இத்தனைக்கும் இந்த மீன் வாழத்தக்க இடம் என்று அந்தத் தீவுகளில் இருப்பது எல்லாம் சேர்த்து 34 சதுர கிலோமீட்டர்தான் என்று வஜெல்லி மதிப்பிட்டார். 2007 வாக்கில் மொத்த மீன்களின் எண்ணிக்கை சுமார் 24 லட்சம். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

பக்கக்கான் என்றொரு குட்டித் தீவு. 2001இல் அங்கே 6,000 மீன் இருந்தன. 2004இல் எண்ணியபோது 17. லிம்போ தீவின் கூட்டம் அதே இடைவெளியில் மொத்தமாகப் போய்விட்டது. மேலே சொன்ன மரபணுக் கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். லிம்போவில் போனது, லிம்போவில் மட்டுமே இருந்த ஒரு வம்சம்.

மீன் பிடித்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பங்காய்த் தீவுகளின் மீனவக் குடும்பங்களுக்கு ஒரு மீனுக்குக் கிடைத்தது சில்லறைக் காசு. அதே மீன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிக்குப் பின்னால் டாலர்களில் விற்றது. வாங்க ஆள் இருந்தான், பிடித்தார்கள். பங்காய்த் தீவின் போனே பாரு கிராமத்தில் பின்னாளில் மீன் பிடித்தவர்களே பாறைகளைக் காக்கும் வேலையிலும் இறங்கினார்கள். கேட்க வேண்டிய கேள்வி நடுவில் இருந்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும்தான்.

இப்போது அந்தப் பாதை. பிடித்த மீன்களைக் கிராமத்துக் கரையோரம் மிதக்கும் கூண்டுகளில் போட்டு வைப்பார்கள். வாங்குபவர் படகு வரும்வரை அங்கேயே கிடக்கும். அப்புறம் படகில் லுவுக்குக்கோ கெந்தாரிக்கோ பாலுவுக்கோ வடக்கே பித்துங் பக்கமோ போகும். அங்கிருந்து பாலித் தீவுக்கோ ஜகார்த்தாவுக்கோ. ஒவ்வோர் இடத்திலும் தரம் பிரித்தல் நடக்கும். துடுப்பு கிழிந்தது, சின்னது, சோர்ந்தது எல்லாம் கழிவு. கழிவைக் கொட்ட மிக எளிதான இடம் பக்கத்துக் கடல். கூண்டு வலை கிழிந்தாலும் கதை அதேதான். உயிர் மிஞ்சியவை பக்கத்தில் ஒரு முள்ளெலியைக் கண்டுபிடித்தால் போதும்.

லெம்பேயில் இது நடந்தது 2000இல். சுலாவெசியின் வடகிழக்கு முனையில், பித்துங் துறைமுகத்துக்கும் லெம்பே தீவுக்கும் நடுவே ஓடும் ஒடுங்கிய நீரிணை அது. எரிமலைச் சாம்பல் கலந்த கறுப்பு மணல். முக்குளிப்பவர்களுக்கு அது புனிதத் தலம் மாதிரி. உருவம் மாற்றும் ஆக்டோபஸ், மயிர்போல இழைகள் தொங்கும் தவளைமீன், நகக்கண் அளவுக் கடற்குதிரை என்று வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை அங்கே கிடைக்கும். வியாபாரத்தின் வழியாக அங்கே இறங்கிய பங்காய் கார்டினல் வேரூன்றிப் பரவுவதை எர்ட்மனும் வஜெல்லியும் 2001இலேயே எழுதிவிட்டார்கள்.

நான் அங்கே முக்குளிக்கப் போனபோது இந்த மீன் அரியதாகத் தெரியவே இல்லை. கறுப்பு மணலில் ஒரு பழைய டயர், அதைச் சுற்றி முள்ளெலிகள், அவற்றின் முள்ளுக்கு மேலே ஒரு கூட்டம். பத்தடி தள்ளி ஒரு கடல் சாமந்தி. அதில் குடியிருந்த கோமாளி மீன் ஜோடி ஓரமாக ஒதுங்கியிருந்தது, நடுவில் பங்காய்க் குஞ்சுகள். இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி ஒரு கூட்டம். நீருக்குள் பகல் முழுக்க அசையாமல் தொங்கும் அந்த வெள்ளி வில்லைகளைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகை மறுக்க முடியாது. கூட வந்தவர்கள் வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்கள். படகுக்கு ஏறிய பிறகு வழிகாட்டியிடம் கேட்டேன். உள்ளூர்க்காரர், வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். "நான் சின்னப் பையனாக இருந்தபோது இது இங்கே கிடையாது. இப்போது இதைக் காட்டச் சொல்லித்தான் ஆட்கள் கேட்கிறார்கள். இருக்கட்டுமே, யாருக்கு என்ன கெடுதல்?" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

வெளியூர் மீன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது லயன்ஃபிஷ். நம் மன்னார் வளைகுடாவில் இயல்பாக, அளவோடு வாழும் மீன் அது. 1985இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் முதலில் தென்பட்டது, பிறகு கரீபியன் கடல் முழுக்கப் பரவியது. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு 20 லட்சம் முட்டை வரை விடும். முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தோடு போகும். பஹாமாஸ் பாறைகளில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, லயன்ஃபிஷ் இருந்த இடத்தில் ஐந்தே வாரத்தில் புது இளமீன் வரவு 79 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. ஹவாயிலோ அரசே செய்தது. ஆழமில்லாத பாறைகளில் உண்பதற்கேற்ற மீன் குறைவு என்று, 1950களில் தென்பசிபிக் தீவுகளிலிருந்து நீலக்கோடு போட்ட மஞ்சள் மீன் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே அதற்கு தாபே என்று பெயர். நம் பக்கத்துக் கடலிலும் உள்ள மீன்தான். விட்டது சில ஆயிரம். இன்று தீவுச்சங்கிலி முழுக்க இருக்கிறது. விலையும் போகவில்லை, தங்கள் மீன்களோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடுகிறது என்று அங்கத்து மீனவர்கள் இன்றும் குறைப்படுகிறார்கள்.

இவற்றோடு ஒப்பிட்டால் பங்காய் கார்டினல் சாது. தின்பது நீரில் மிதக்கும் சின்ன உயிர்களை. ஐம்பது முட்டையை வாயில் வைத்துக்கொண்டு யாரும் ஒரு கடலை வளைத்துப் பிடித்துவிட முடியாது. லெம்பேயில் அது பெரிய அழிவைச் செய்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். என் கவலை இரண்டு. ஒன்று, இடம். கடல் சாமந்தியும் முள்ளெலியும் கணக்காகத்தான் இருக்கும். அதில் ஏற்கெனவே கோமாளி மீன் முதல் உள்ளூர்க் கார்டினல்கள் வரை ஒண்டிக்கொண்டிருக்கின்றன. கூட்டம் கூட்டமாகப் புது ஆள் வந்தால் யாரோ நகர வேண்டும்.

இரண்டாவது, நோய். இறக்குமதியான பங்காய் கார்டினல்கள் சோர்ந்து, சாப்பிடாமல், கொத்துக்கொத்தாகச் சாவதைத் தொட்டிக்காரர்கள் 2000களில் கண்டார்கள். 2009இல் அதன் பின்னால் இருந்த இரிடோவைரஸ் பற்றி விரிவாக வெளிவந்தது. அடைத்து வைக்கும் இடத்தின் நெருக்கடியும் களைப்பும் இப்படிப்பட்ட நோய்க்கு நல்ல விளைநிலம். இப்போது தரம் பிரிக்கும் இடத்தை நினையுங்கள். கடலில் கொட்டப்படும் மீன் எது? சோர்ந்த மீன். ஒரு விரிகுடாவில் இனம் மட்டும் புதிதாக இறங்குகிறதா, கூடவே வேறு எதுவும் இறங்குகிறதா என்பதை யாரும் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

ஆனால் லெம்பேயால் வரும் பெரிய கெடுதல் லெம்பேயில் இல்லை, பங்காயில் இருக்கிறது என்பதே என் எண்ணம். 2007இல் இந்த மீன், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (IUCN) வெளியிடும் செம்பட்டியலில் அருகிவரும் இனமாகச் சேர்க்கப்பட்டது. பட்டியலின் விதிப்படி ஓர் இனத்தின் நிலையை எடைபோடும்போது அதன் இயல்பான வாழிடத்தில் உள்ள மீன்களைத்தான் எண்ண வேண்டும். வெளியே விடப்பட்டவை, அந்த இனத்தைக் காப்பாற்றும் நோக்கோடு திட்டமிட்டு விடப்பட்டிருந்தால் மட்டுமே கணக்கில் வரும். கழித்துக் கொட்டியதைக் காப்பாற்றும் நோக்கம் என்று சொல்ல முடியாது. விதி தெளிவாக இருக்கிறது. ஆனால் பொதுப்பேச்சு விதிப்படி நடப்பதில்லை. "லெம்பேயில் போனால் எங்கு பார்த்தாலும் இதுதானே, எங்கே அருகிவிட்டது?" என்று முக்குளித்துவிட்டு வந்தவர்கள் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஏற்றுமதித் தொட்டியில் எந்தத் தீவு மீன் எது என்று யாரும் பிரித்து வைப்பதில்லை. பெலெங்கும் பங்குருங்கும் பங்காயும் ஒரே தண்ணீரில் கலந்துதான் கிடக்கும். அதிலிருந்து தப்பியவை சேர்ந்து பெருகினால் உருவாவது எந்தத் தீவின் வம்சமும் ஆகாது. லிம்போவின் மீன் லெம்பேயில் இல்லை. பக்கக்கானில் 6,000 மீன் 17 ஆனபோது இழந்ததை லெம்பேயில் உள்ள லட்சம் மீனாலும் ஈடுகட்ட முடியாது. மீனின் எண்ணிக்கை திரும்பலாம், அந்தப் பாறைக்கே உரிய மீன் திரும்பாது.

இதற்கிடையே பங்காயில் புது ஆபத்து ஒன்று சேர்ந்துகொண்டது. பாலுவின் தாதுலாக்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சம்லியோக் என்டோபே உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரிப்பது இதைத்தான். மீனைப் பிடிப்பது கொஞ்சம் குறைந்தாலும், மீன் ஒண்டியிருக்கும் வீடு போகிறது. முள்ளெலியை மனிதர்களும் தின்கிறார்கள், கூண்டில் வளர்க்கும் மீனுக்கும் உடைத்துப் போடுகிறார்கள். கடல் சாமந்தியையும் எடுக்கிறார்கள். முள்ளெலி போன பாறையில் பங்காய்க் குஞ்சு பிறந்த அன்றே இன்னொருவருக்கு இரை. மீனை மட்டும் காத்து என்ன செய்ய?

சட்டக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் நீட்ட ஒன்றுமில்லை. அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டில் இதைச் சேர்க்க 2007இல் அமெரிக்கா முன்மொழிந்தது. இந்தோனேசியா எதிர்த்தது, முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் மறுபடி கொண்டுவந்தது, அதுவும் திரும்பப் பெறப்பட்டது. அதே 2016இல் அமெரிக்கா தன் உள்நாட்டுச் சட்டத்தில் ஆபத்துக்குள்ளான இனம் என்று அறிவித்தது. 2018இல் இந்தோனேசியா வரம்புக்குட்பட்ட பாதுகாப்பு தந்தது. பங்காய்ப் பகுதியில் பிப்ரவரி, மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிடிக்கக் கூடாது. இனப்பெருக்கக் காலத்தை மனதில் வைத்து எடுத்த நல்ல முடிவுதான். ஆனால் வாயில் முட்டையோடு இருக்கும் தகப்பன் மீன் மற்ற மாதங்களிலும் உண்டு.

இவ்வளவுக்கும் இந்த மீனைக் கடலிலிருந்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவற்றைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது பெரும்பாடு. மிதக்கும் பருவத்தில் கண்ணுக்குத் தெரியாத இரை கேட்டு, கிடைக்காமல் செத்துப்போகும். பங்காய்க் குஞ்சோ வெளியே வரும்போதே முழு மீன். புதிதாகப் பொரித்த ஆர்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் இறாலைப் போட்டால் தின்று வளரும். வஜெல்லி 1990களிலேயே நியூஜெர்சியில் ஒரு மீன் காட்சியகத்தில் இதை வளர்த்துக் காட்டிவிட்டார். வேளச்சேரி நண்பனின் வீட்டுத் தொட்டியிலேயே குஞ்சுகள் வளர்ந்தன. பண்ணை மீன் சந்தையில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட இருக்கும். தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அண்ணே, இது பண்ணை மீனா, கடலில் பிடிச்சதா?" கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். கேட்பவர்கள் கூடினால் அவர் தன் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.

அப்புறம், லெம்பே மீன்களை என்ன செய்வது? அங்கே போய் வந்ததிலிருந்து இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வழி உடனே தோன்றும். கடல் மீன்தான் வேண்டும் என்று சந்தை அடம்பிடித்தால் லெம்பேயிலும் லுவுக்கிலும் கிலிமானுக்கிலும் பிடிக்கட்டும், பங்காயை விட்டுவிடட்டும். அங்கே பிடிக்கிற ஒவ்வொரு மீனும் உள்ளூர் உயிர்களுக்கு விட்டுக்கொடுக்கும் இடம். கேட்க நன்றாக இருக்கிறது, நானும் கொஞ்ச காலம் இதைத்தான் நண்பர்களிடம் சொல்லிவந்தேன். இப்போது தயங்குகிறேன். லெம்பே மீன் சட்டப்படி சரி என்று ஆன அன்றைக்கு, பங்காயில் பிடித்த மீன் எல்லாம் தாளில் லெம்பே மீனாக மாறிவிடும். அதைவிட மோசமாக, 'விடப்பட்ட' மீன்களைப் பிடிக்கலாம் என்று சொன்னால் புதுப்புது விரிகுடாக்களில் வேண்டுமென்றே விட ஆரம்பிப்பார்கள். இருபது ஆண்டில் தெரியாமல் நடந்ததைத் தெரிந்தே செய்ய நாமே காரணம் கொடுத்தது போலாகும்.

முதலில் வர வேண்டியது மீன் எங்கிருந்து வந்தது என்று படகிலிருந்து கடை வரை தடம் தொடரும் பதிவு. பாறைக்குப் பாறை மரபணு வேறுபடும் மீன் இது. பங்காயின் ஒவ்வொரு பாறையிலிருந்தும் மாதிரி எடுத்து வைத்திருந்தால், பெட்டியில் இருக்கும் மீன் எந்தப் பக்கத்தது என்று சோதித்து ஓரளவு சொல்லிவிட முடியும். பொய்த்தாளைப் பிடிக்க இதைவிட நல்ல மீன் கிடைக்காது. அந்த ஏற்பாடு வரும்வரை என் நிலைப்பாடு இதுதான்: லெம்பே மீனை யாரும் விற்க வேண்டாம், புதிதாக எங்கும் யாரும் விட வேண்டாம், படம் எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் படத்தைக் காட்டி இந்த மீன் நலமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். நலமா என்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் 400 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது.